சமபந்தி: ஒரு சொல்லைத் தோண்டிப் பார்ப்பது எப்படி

சுதந்திர தினத்தன்று கோயில்களில் 'சமபந்தி விருந்து' நடக்கும், தெரியும்தானே? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிலர் அதைச் 'சம்பந்தி விருந்து' என்றே சொல்வார்கள். இந்தச் சொல்லின் வேரைப் பிடிக்க நினைத்தால் முதலில் அந்த மகரத்தின் மேலுள்ள புள்ளியை எடுத்துவிடுங்கள். சம்பந்தி என்றால் சம்பந்தம் செய்துகொண்டவர். சமபந்தி வேறு, அது சமம், பந்தி என்று பிரியும்.

இரண்டுமே வடமொழி வழி வந்தவை. பந்திக்கு மூலம் 'பங்க்தி', அதாவது வரிசை. அகராதியோடு நிறுத்தாமல் கல்யாண வீட்டிலும் போய்ப் பாருங்கள்: இலை போட்டு முடித்ததும் சொதி வாளி ஒரு கோடியில் தொடங்கி மறு கோடி வரை ஒருத்தரையும் தாண்டாமல் போகிறதே, அந்த வரிசைதான் பந்தி.

அப்புறம் பக்கத்துச் சொற்களையும் படியுங்கள், இதை விட்டுவிடவே கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் 'பந்திவஞ்சனை' என்று ஒரு சொல் இருக்கிறது. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குள்ளேயே ஆள் பார்த்துப் பரிமாறுவது; ஒருவர் இலையில் நெய் ஓடும், அடுத்த இலையில் சொட்டு விழும். முதன்முதல் இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. பந்தியில் இடம் கிடைத்தவருக்கே இந்தக் கதி என்றால், பந்திப் பக்கமே விடப்படாதவர்களை நினைத்துப் பாருங்கள். 'சம' ஏன் ஒட்டியது என்று அப்போது புரியும்.

சரி, அடுத்து அந்தச் சொல்லுக்காக எங்கே சண்டை நடந்தது என்று தேடுங்கள். நமக்கு அது தூரமே இல்லை, சேரன்மாதேவிதான். அங்கே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டது 1924, 25-ல் தமிழ்நாட்டையே கலக்கியது; வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடாமல் எதிர்த்தார்கள். அதற்கு வெகு முன்பே, தெற்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் சாதி பாராமல் எல்லாரையும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வைத்தார். அவர் மறைந்தது 1851-ல்.

இதையெல்லாம் நோட்டில் எழுதிய பிறகு உங்கள் வீட்டு ஆச்சியிடம் ஒன்று கேளுங்கள்: "நம்ம ஊர்ல எல்லாரும் ஒரே பந்தியில எப்ப உக்காந்தாவ?" அவர்கள் சொல்லும் வருஷத்தையும், அது யார் வீட்டு விசேஷம் என்பதையும் பொருளுக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.