லைஃப்ரேயில் நம் ஜாவா கோடை (code) ஏற்றுவது எப்படி?

புதுச்சேரி முழுமைக்கும் ஓர் இணையதளம் செய்தால் மொழிப் பிரச்சினை கட்டாயம் வரும். மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் தமிழ். பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் அந்த மொழியில் அறிவிப்பு காட்டும் சின்ன விட்ஜெட்டை (பக்கத்தில் பொருத்தும் சிறு பகுதி), இணையதளம் கட்ட உதவும் ஜாவா மென்பொருளான லைஃப்ரே 7.4-இல் ஏற்றிப் பார்ப்போம். சமூகப் பதிப்பு இலவசம்.

ஒரு வேண்டுகோள்: லைஃப்ரேயை ஓட்டும் சர்வரான டோம்கேட்டுக்குள் போய் லைஃப்ரேயின் சொந்த ஃபைல்களில் கை வைக்காதீர்கள். பதிப்பு மாற்றும்போது நீங்கள் எழுதியது போய்விடும். நம் கோடு தனி மாட்யூலாகவே, அதாவது தனியாக ஏற்றக்கூடிய ஒரு துண்டாகவே இருக்கட்டும்.

படி 1: ஜாவா 11-ஐயும் லைஃப்ரேயின் கட்டளைக் கருவியான பிளேடையும் நிறுவி, ஒரு ஒர்க்ஸ்பேஸ் (வேலைக்கான ஃபோல்டர்) உருவாக்குங்கள். சர்வரையும் பிளேடே இறக்கித் தரும்.

படி 2: விட்ஜெட் எழுதுவதற்கான 'எம்விசி போர்ட்லெட்' டெம்ப்ளேட்டில் ஒரு மாட்யூல் தொடங்குங்கள். ஜாவா கிளாஸின் மேலே இருக்கும் காம்பொனென்ட் அனொடேஷனை (@Component என்று தொடங்கும் குறிப்பு) அழித்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஜார் (மாட்யூலைக் கட்டி எடுத்த ஃபைல்) ஏறும், விட்ஜெட் மட்டும் எங்கும் தெரியாது. தமிழ் எழுத்துகள் இருப்பதால் ஃபைல்களை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

படி 3: சர்வர் ஓடும்போதே பிளேடின் டெப்ளாய் கட்டளையைக் கொடுங்கள். ஜாரை நீங்களே டெப்ளாய் ஃபோல்டரில் போட்டாலும் சரி. போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபைல் அங்கிருந்து மறைந்துவிடும், பதற வேண்டாம். லைஃப்ரே அதை எடுத்துத் தன் மாட்யூல்ஸ் ஃபோல்டரில் வைத்திருக்கும்.

படி 4: புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது, ஆனால் இதுதான் முக்கியம். ஜார் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. சர்வர் எழுதும் பதிவான லாகில் உங்கள் மாட்யூல் பெயரோடு 'ஸ்டார்ட்டட்' என்று வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லையென்றால் கண்ட்ரோல் பேனலில் உள்ள கோகோ ஷெல்லை (கட்டளை கொடுக்கும் இடம்) திறந்து மாட்யூல் பட்டியலை எடுங்கள். 'ஆக்டிவ்' என்றிருந்தால் ஓடுகிறது. 'இன்ஸ்டால்டு' என்றே நின்றிருந்தால், அதற்குத் தேவையான ஏதோ ஒரு பேக்கேஜ் சர்வரில் கிடைக்கவில்லை. பட்டியலில் அந்த மாட்யூலுக்குள்ள எண்ணைக் கொடுத்து 'டயக்' கட்டளையை ஓட்டினால் எது குறைகிறது என்று பெயரோடு சொல்லிவிடும்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஒர்க்ஸ்பேஸில் குறிப்பிட்ட லைஃப்ரே பதிப்பும் ஓடும் சர்வரின் பதிப்பும் வேறுபட்டிருக்கும், இரண்டையும் ஒன்றாக்குங்கள். அல்லது வெளி லைப்ரரி ஒன்றைப் பயன்படுத்தியிருப்பீர்கள். மாட்யூலைக் கட்டும் கருவியான கிரேடிலின் ஃபைலில் அதை 'கம்பைல் ஒன்லி' என்று குறிப்பிட்டால் ஜாருக்குள் வராது, 'கம்பைல் இன்க்ளூட்' என்று மாற்றுங்கள்.

அப்புறம் லோக்கல்ஹோஸ்ட் 8080-இல் நுழைந்து, பக்கத்தைத் திருத்தும் முறையில் திறந்து, 'சாம்பிள்' பிரிவிலிருந்து விட்ஜெட்டை இழுத்துப் போடுங்கள். கோடை மாற்றினால் மறுபடி டெப்ளாய் செய்தால் போதும், சர்வரை நிறுத்த வேண்டியதில்லை.