மாநாட்டுக்கு சேலம் வருகிறீர்களா? கிடைக்கிற நேரத்தில் ஊர் பார்ப்பது எப்படி

சேலத்தில் மாநாடு என்றதும் வெளியூர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஏற்காடு எவ்வளவு தூரம்?" என்பதுதான். எங்கள் சங்க மாநாடுகளில் வரவேற்புக் குழுவில் பலமுறை நின்றிருக்கிறேன். "முப்பது கிலோமீட்டர்தான், போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். அப்படிப் போனவர்களில் ஒரு குழு ஞாயிறு மதியம் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வரிசையில் மாட்டி, ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு இருட்டில் இறங்கி வந்தது. நிறைவு விழாவும் போச்சு, மலையும் பார்த்த மாதிரி இல்லை. அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதனால் இப்போதெல்லாம் தூரத்தைச் சொல்வதற்கு முன்னால், "உங்களுக்கு எத்தனை மணி நேரம் இருக்கு?" என்று கேட்கிறேன்.

முதல் படி: நிகழ்ச்சி நிரலை எடுத்து நேரத்தை எண்ணுங்கள்

நிரலைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டாயம் இருக்க வேண்டிய அமர்வுகளை முதலில் வட்டமிடுங்கள். மிச்சமிருக்கும் நேரம் பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கும்: மாலையில் இரண்டு மணி நேரம், ஒரு காலைப்பொழுது, அல்லது மாநாடு முடிந்த மறுநாள் முழுசாக. மாலை என்றால் ஊருக்குள்ளேயே இருங்கள். காலை என்றால் ஏற்காடு. முழுநாள் என்றால் தாரமங்கலமும் மேட்டூரும். இந்தக் கணக்கை மாற்றிப் போட்டால்தான் சிக்கல் வருகிறது.

இரண்டாம் படி: நாலு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோவில் ஏறி "பஸ் ஸ்டாண்ட்" என்றால், "புதுசாங்க, பழசாங்க?" என்று கேட்பார்கள். வெளியூர் பேருந்துகள் வருவது மெய்யனூர் பக்கம் உள்ள புதிய பேருந்து நிலையத்துக்கு. ஏற்காடு பேருந்தும் அங்கே கிடைக்கும். பழைய பேருந்து நிலையம் கடைவீதிப் பக்கம், நகரப் பேருந்துகளுக்கானது. ரயிலிலும் இதே குழப்பம் உண்டு. சென்னை, கோவை வழித்தட ரயில்கள் நிற்கிற ஜங்ஷன் சூரமங்கலத்தில் இருக்கிறது. விருத்தாசலம் பாதையில் இருக்கும் டவுன் ஸ்டேஷன் வேறு. திரும்பும் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிவிடுங்கள். அஞ்சு ரோடு, நாலு ரோடு, அஸ்தம்பட்டி ஆகிய மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் ஊரில் எங்கே இருக்கிறோம் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

மூன்றாம் படி: முதல் நாள் மாலை ஒரு தட்டு வடை செட்

மாநாட்டுச் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, மாலையில் கொஞ்சம் வயிறு காலி வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டி நிற்கும்.

வண்டிக்காரரின் கையைக் கவனியுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னத் தட்டு வடைகளை, அதாவது தட்டைகளை, தட்டில் வரிசையாகப் பரப்புவார். ஒன்றில் கார சட்னி, இன்னொன்றில் கொத்தமல்லி புதினா சட்னி. மேலே துருவிய கேரட், பீட்ரூட், பொடிசாக அரிந்த வெங்காயம். அப்புறம் இன்னொரு தட்டு வடையை வைத்து மூடி நீட்டுவார். இதைக் கடித்துக் கடித்துச் சாப்பிடக் கூடாது; முழுசாக வாயில் போட வேண்டும். பேசிக்கொண்டே வைத்திருந்தால் வடை நமத்துப்போகும், மொறுமொறுப்புப் போனால் செட்டில் பாதி போச்சு. மாங்காய் செட், முறுக்கு செட், எல்லாவற்றையும் நொறுக்கிக் கலந்து தருகிற நொறுக்கல், முட்டை நொறுக்கல் என்று வரிசை நீளும். முதல்முறை என்றால் சாதா செட்டில் ஆரம்பியுங்கள், காரம் குறைவாக வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் சுகவனேசுவரர் கோயிலும் கோட்டை மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. ஆடி மாதத்தில் வந்தால் மாரியம்மன் பண்டிகையில் ஊரே வேறு மாதிரி இருக்கும், நெரிசலும் அதற்கேற்றபடி.

நான்காம் படி: ஏற்காட்டுக்கு விடியற்காலையில் கிளம்புங்கள்

இதை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். காலை ஐந்தரைக்கு விடுதியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். வார நாளாக இருந்தால் ரொம்ப நல்லது. மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மலைப்பாதை நிரம்பி வழியும்.

அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு கண்ணில் படும். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய படப்பிடிப்பு நிலையத்தில் இன்று மிஞ்சியிருப்பது அந்த நுழைவு வளைவுதான். ஒரு காலத்தில் தமிழ் சினிமா சேலத்திலும் உருவானது என்பதற்கு அது சாட்சி, ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால், ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை வழக்கம். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள். வளைவில் ஹாரன் அடியுங்கள். தலைசுற்றல் வருகிறவர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து, வெறும் வயிறாகவும் இல்லாமல் வயிறு முட்டவும் இல்லாமல் ஏறினால் பாதிப் பிரச்சினை தீரும். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். வண்டி நிற்கிற சத்தம் கேட்டாலே சாலைக்கு நடுவில் வந்துவிடுகின்றன, அடிபட்டுச் சாகிற குரங்குகளைப் பார்க்க மனசு தாங்காது.

மேலே போனதும் முதலில் கிழக்குப் பக்கம் இருக்கும் பகோடா பாயிண்ட் போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் கீழே பள்ளத்தாக்கில் பஞ்சுப்பொதி போல மேகம் கிடந்தால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள். அடுத்து சேர்வராயன் கோயில், 5,326 அடி உயரத்தில். சேர்வராயன் மலைத்தொடருக்கே பெயர் கொடுத்த சாமி, குனிந்து போகிற குகைக்குள் காவேரி அம்மனுடன் இருக்கிறார். மலைவாழ் மக்களின் தெய்வம், சத்தம் போடாமல் கும்பிட்டுவிட்டு வாருங்கள். வெளியே வந்தால் பரந்த வெட்டவெளி, காற்று ஆளைத் தள்ளும். ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அவற்றின் நிழலில் காப்பிச் செடி. 1820 வாக்கில் காக்பர்ன் என்ற வெள்ளைக்கார கலெக்டர் இங்கே காப்பி கொண்டுவந்தார். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை பெய்தால் காப்பி பூக்கும். மல்லிகை போல வெள்ளையாக, மணமும் அப்படித்தான். ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். அந்தச் சமயத்தில் மாநாடு அமைந்தால் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள்.

கடைசியாக ஏரி. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள். கரையில் சூடாகப் போடும் மிளகாய் பஜ்ஜியும் ஒரு காப்பியும் போதும். படகு உங்கள் விருப்பம். கிளியூர் அருவிக்கு மழை பெய்த பிறகு மட்டும் போங்கள், கோடையில் பாறைதான் பார்க்க முடியும். இறங்கும் வழியில் லேடீஸ் சீட்டில் நின்றால் நீங்கள் ஏறி வந்த பாதை பாம்பு மாதிரி கீழே தெரியும், அதற்கும் கீழே சேலம். பதினொன்றரைக்குள் கீழே கிளம்பிவிட்டால் மதிய அமர்வுக்கு நிம்மதியாக வந்துவிடலாம்.

ஐந்தாம் படி: முழுநாள் கிடைத்தால் தாரமங்கலம், மேட்டூர்

காலையில் கோயில், மதியம் அணை. நம்மூர்க் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் இந்த வரிசைதான் சரி. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எடுத்தது. ராமன் இருக்கும் தூணின் பக்கம் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலியின் பக்கம் போய் நின்றால் ராமன் தெரியமாட்டான். இரண்டு தூண்களுக்கும் நடுவே நடந்து நீங்களே சோதித்துப் பாருங்கள். கல் சங்கிலியையும், சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவசரமாகச் சுற்றினால் எல்லாம் வெறும் கல்லாகத்தான் தெரியும். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அங்கிருந்து நங்கவள்ளி வழியாக மேட்டூர். 1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணை; முழு நீர்மட்டம் 120 அடி. நீர்மட்டம் நன்றாக இறங்கிய வருடங்களில் பண்ணவாடிப் பக்கம், தண்ணீரில் மூழ்கிய பழைய கோயிலின் நந்தி வெளியே தலைகாட்டும். அணைப் பக்கத்துக் கடைகளில் மசாலா தடவி அடுக்கிய மீனை நீங்களே காட்டினால், கண் முன்னால் பொரித்துத் தருவார்கள். வாங்குவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேட்டூர் வேண்டாம், சாமி தரிசனம் போதும் என்கிறவர்கள் ஆத்தூர் சாலையில் புத்திரகவுண்டன்பாளையம் போகலாம். 146 அடி உயர முத்துமலை முருகன் சிலை அங்கேதான்.

ஆறாம் படி: ஊருக்கு வாங்கிப் போக

வெள்ளிக் கொலுசுக்கு செவ்வாய்ப்பேட்டை. எத்தனை டச் என்று, அதாவது வெள்ளியின் தரம் எவ்வளவு என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். ஏற்காட்டில் மிளகும் காப்பித்தூளும் வாங்கலாம். ஜவ்வரிசி இந்த மாவட்டத்தின் மரவள்ளிக்கிழங்கிலிருந்து வருவது, ஒரு கிலோ எடுத்துப்போனால் பாயசத்துக்கும் வடகத்துக்கும் ஆகும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தால் மாம்பழம் இல்லாமல் திரும்பாதீர்கள். அன்றே சாப்பிட மல்கோவாவோ இமாம் பசந்தோ ஒன்றிரண்டு போதும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தாலே தெரியும். ரயிலில் கொண்டுபோவதற்குக் கனிந்தது வேண்டாம். "வெளியூர் போகுது, செங்காயா கொடுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லி, வைக்கோல் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் அரிசிப் பானைக்குள் வைத்தால் மூன்று நாலு நாளில் பழுத்துவிடும்.