பாதிச் சிரிப்பு, பாதிச் சோகம்: மூளையின் இரு அரைக்கோளங்களைத் தாளில் சோதிக்கும் முறை

இதற்கு இரண்டு வெள்ளைத் தாள்களும் ஒரு பென்சிலும் சோதனைக்கு இசையும் நான்கைந்து பேரும் போதும்.

படி 1: எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியை வைத்து, அதிலிருந்து பார்வையை விலக்காமல் இடக்கண்ணை மூடுங்கள், புள்ளிக்கு இடப்பக்கம் உள்ளவை அப்போதும் தெரியும். இடக்கண் முழுவதும் வலது மூளைக்குரியது என்று பலர் எழுதுவது தவறு. ஒவ்வொரு கண்ணிலும் மூக்குப் பக்கத்து விழித்திரையின் நரம்பிழைகள் மட்டுமே மறுபக்கம் கடக்கின்றன, காதுப் பக்கத்தவை கடப்பதில்லை. ஆகவே புள்ளிக்கு இடப்புறக் காட்சி எந்தக் கண்ணில் பட்டாலும் வலது அரைக்கோளத்தின் பிடரிப் பகுதியையே முதலில் அடைகிறது.

படி 2: ஒரு தாளில் மேலும் கீழுமாக இரண்டு வட்ட முகங்களை வரையுங்கள். மேல்முகத்தின் வாய், உங்களுக்கு இடப்பக்கம் சிரிப்பாக மேல்நோக்கியும் வலப்பக்கம் சோகமாகக் கீழ்நோக்கியும் வளையட்டும். கீழ்முகம் அதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்கட்டும். புருவம் வரைய வேண்டாம், சற்றுச் சாய்ந்தாலும் அதுவே விடையைத் தீர்மானித்துவிடும். இரண்டாம் தாளில் இவ்விரு முகங்களையும் இடம் மாற்றி வரையுங்கள். மேலே இருப்பதையே தேர்ந்தெடுக்கும் பழக்கம் இருந்தால் அது வெளிப்பட்டுவிடும்.

படி 3: ஒவ்வொரு முகத்தின் மூக்கின் மீதும் பார்வையை நிறுத்தச் சொல்லி, எந்த முகம் அதிக மகிழ்ச்சியாக உள்ளது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள், யோசிக்க நேரம் தராதீர்கள்.

வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் பெரும்பாலோர், பார்ப்பவருக்கு இடப்பக்கம் சிரிக்கும் முகத்தையே காட்டுவார்கள். அந்தப் பாதி வலது அரைக்கோளத்துக்குச் செல்கிறது. முகங்களையும் அவற்றின் உணர்ச்சியையும் அறிவதில் அதற்கே பங்கு அதிகம், எழுத்துகளை வாசிப்பதில் இடது அரைக்கோளம் முந்துகிறது. ஆனால் முழுப் பெருமையையும் மூளைப் பிரிவினைக்கே கொடுத்துவிடக் கூடாது. வலமிருந்து இடமாக உருது வாசிப்பவர்களிடம் இந்தச் சாய்வு குறைந்து காணப்பட்டிருப்பதால், இடமிருந்து வலமாகத் தமிழ் வாசிக்கும் நம் பழக்கமும் இதில் சேர்ந்திருக்கலாம்.

அன்றாடம் இப்பிரிவினை நமக்குத் தெரிவதில்லை, ஏனெனில் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும், ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் கொண்ட கார்பஸ் கலோசம் என்ற பாலம் இரு பக்கச் செய்திகளையும் உடனுக்குடன் பரிமாறுகிறது. கடும் வலிப்பு நோய்க்காக அதைத் துண்டித்துக்கொண்டவர்களை மூளை ஆய்வாளர்கள் ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசானிகாவும் 1960களில் அமெரிக்காவில் சோதித்தார்கள். கண் நகர்வதற்குள் மறையும்படி, ஒரு பொருளின் பெயரைத் திரையின் இடப்பக்கம் நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் காட்டினால், பேச்சை ஆளும் இடது அரைக்கோளம் எதையும் பார்க்கவில்லை என்றே சொல்லும். அதே வேளையில், வலது அரைக்கோளம் இயக்கும் அந்த நோயாளியின் இடக்கை, திரைக்குப் பின்னே தடவிப் பார்த்து அந்தப் பொருளைச் சரியாக எடுத்துவிடும்.