பக்கவாதம்: கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு?

பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவுகிறது. கொப்பளித்த தண்ணீர் ஒரு பக்கக் கடைவாயில் வழிகிறது. வீட்டில் முதலில் எழும் பேச்சு, "வாய்வு பிடிச்சிருக்கும், கொஞ்சம் படுத்தா சரியாயிடும்." பக்கவாதத்தில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இந்தப் படுக்கைதான். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. ஆனால் பெரும்பாலும் வலி இருக்காது. நெஞ்சுவலிக்கு அலறிக்கொண்டு ஓடுகிற குடும்பம்கூட இதற்கு உட்கார்ந்துவிடுவது அதனால்தான்.

சிரிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி இரண்டு கைகளையும் 10 வினாடி முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ, நாக்கு குழறினாலோ, ஒன்றே போதும், 108-ஐ அழைக்கலாம். திடீர்த் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் மூளையின் பின்பகுதி அடைப்பாக இருக்கலாம். 'பித்தம்' என்று எலுமிச்சை பிழிந்து கொடுத்து வீணாக்கப்படும் நேரம் இங்கேதான் அதிகம்.

அடுத்த தவறு நேரம் சொல்வதில். "எப்போது பார்த்தீர்கள்?" என்பதல்ல, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதே மருத்துவருக்கு வேண்டிய கேள்வி. இரவு 10 மணிக்குப் படுத்தவர், 2 மணிக்குக் கழிப்பறைக்குப் போய்விட்டு நன்றாகப் பேசியிருக்கிறார். 6 மணிக்குக் கை கால் விழுந்து கிடக்கிறார் என்றால், கணக்கு 2 மணியிலிருந்து. அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு (ஆல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ்) வழக்கமான கெடு நாலரை மணி நேரம். ஆக, மிச்சம் அரை மணி. 10 என்று சொன்னால் அந்த வாய்ப்பே நழுவக்கூடும். 6 என்று சொன்னால் கெடு தாண்டிய பிறகும் ஊசி போட்டு மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து. நாலரை மணி கடந்ததென்று வீட்டிலேயே விட்டுவிடவும் கூடாது: பெரிய ரத்தக்குழாய் அடைப்பில், ஸ்கேனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி ரத்தக்கட்டியை எடுக்க முடிகிறது.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வேண்டாம். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். மாரடைப்புக்குக் கொடுக்கிற பழக்கத்தில் ஆஸ்பிரின் கொடுப்பதும் தவறு. பக்கவாதம் ரத்தக்குழாய் அடைப்பாலா, மூளையில் ரத்தக்கசிவாலா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும்; கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் ஆபத்து. விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியத்தால் ஒரு பயனும் இல்லை. குளுக்கோமீட்டர் இருந்தால் அதற்கு மட்டும் குத்துங்கள்: சர்க்கரை 60-க்குக் கீழே இறங்கினால் அது பக்கவாதம் போலவே வேடம் கட்டும்.

பிரஷர் 190 என்றதும் நாக்கடியில் மாத்திரை வைத்துச் சரசரவென்று இறக்குவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். அடைப்பைச் சுற்றியுள்ள, இன்னும் சாகாத பகுதிக்கு ரத்தம் போவதே அந்த அழுத்தத்தால்தான். ஊசி போடுவதானால் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்; போடாத அடைப்பு நோயாளிக்கு 220/120 வரை பொதுவாக விட்டுவைப்பார்கள். கசிவுக்குக் கணக்கு வேறு. எதுவானாலும் ஸ்கேனுக்குப் பிறகுதான்.

தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றிக்கொண்டு காத்திருப்பது இரட்டை நஷ்டம்: நேரமும் போகிறது, ஏறுகிற சர்க்கரையும் மூளைக்கு ஆகாது. சி.டி. ஸ்கேனும் கரைக்கும் ஊசியும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போகவேண்டும். மாத்திரைப் பையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து இருந்தால் கடைசியாகப் போட்ட நேரத்தையும் சொல்லுங்கள். மருத்துவமனைக்குள்ளும் தாமதம் உண்டு. பெரும்பாலோருக்கு ஊசிக்கு முன் கட்டாயமாகத் தெரியவேண்டிய ரத்த முடிவு சர்க்கரை ஒன்றுதான். எல்லாப் பரிசோதனைத் தாள்களும் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆக்ஸிஜன் கொடுப்பதும் ரத்தத்தில் அதன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால்தான்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகி, பேச்சும் திரும்பிவிட்டால்? அப்போதுதான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 2 நாளில்தான் உச்சத்தில் இருக்கும்; அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டியவர் அவர்.