பழைய தங்கப் பாக்கெட் கடிகாரத்தைத் திறந்து பார்த்து மதிப்பிடுவது எப்படி?

பழைய தங்கப் பாக்கெட் கடிகாரம் ஒன்று கைக்கு வந்ததும் அதை எடைபோடத்தான் பலருக்கும் தோன்றும். ஆனால், கூட்டின் தங்கத்தைவிட உள்ளிருக்கும் இயந்திரத்தின் வேலைப்பாடே பெரும்பாலும் அதன் அருமையைத் தீர்மானிக்கிறது. தொடக்கநிலையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், மென்மையான பருத்தித் துணி, நல்ல வெளிச்சம் ஆகியவை போதும். மெருகேற்றும் பசையை எடுக்கவே வேண்டாம்.

முதலில் மூடியைத் திறக்க வேண்டும். முகப்பையும் மறைக்கும் மூடியுள்ள கடிகாரமாயின், தலையிலுள்ள திருகியை (மேலே துருத்தியிருக்கும் குமிழை) அழுத்தினால் மூடி தானாக எழும்பும். மூடும்போதும் அதே திருகியை அழுத்திப் பிடித்தபடி மூடியை இறக்கிவிட்டு, அதன் பிறகே விரலை எடுக்க வேண்டும். 'டக்'கென்று அறைந்து மூடிக்கொண்டே இருந்தால், உள்ளே இருக்கும் எஃகுக் கொக்கி மென்மையான தங்க விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து, நாளடைவில் மூடி நிற்காமலே போய்விடும். பின்மூடியை நகத்தால் நெம்பித் திறக்கலாம். கத்தி முனை கூடாது.

அடுத்து முத்திரைகள். 18 காரட் தங்கத்தில் 18 அல்லது 750 என்றும், 14 காரட்டில் 585 என்றும் எண் இருக்கலாம். லண்டனில் தங்கத்தின் தரம் சோதிக்கப்பட்ட கூட்டில் சிறுத்தைத் தலையும், பர்மிங்காமில் நங்கூரமும், 1838 முதல் பிரான்சின் 18 காரட் வேலையில் கழுகுத் தலையும் காணப்படும். அமெரிக்கக் கூட்டில் '20 ஆண்டு உத்தரவாதம்' என்று பொறித்திருந்தால், அது முழுத் தங்கமன்று. மலிவான உலோகத்தின்மேல் தங்கத் தகடு பதித்தது. மூடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. வெளிமூடிகள் தங்கமாக இருந்தாலும் உள்மூடி பித்தளையாக இருப்பது வழக்கமே. கூட்டின் செதுக்கு வேலையில் கோடுகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தால், யாரோ அளவுக்கு மீறி மெருகேற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

உள்மூடியையும் திறந்ததும் லென்ஸ் தேவைப்படும். தனிச் சாவியால் முறுக்கும் பழைய ஆங்கிலக் கடிகாரங்கள் பலவற்றில், கூம்பு வடிவ உருளை ஒன்றும் அதைச் சுற்றி மிக நுண்ணிய எஃகுச் சங்கிலியும் இருக்கும். முழுதாக முறுக்கிய ஸ்பிரிங் வேகமாகவும் தளர்ந்த ஸ்பிரிங் சோர்வாகவும் இழுப்பதால் நேரம் பிசகும். முறுக்கு மிகுந்திருக்கும்போது கூம்பின் குறுகிய பகுதியிலும், குறையும்போது அகன்ற பகுதியிலும் சங்கிலி இழுக்கும்படி அமைத்து அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டினார்கள். அந்த நுண்ணிய சங்கிலியின் கண்ணிகளை இங்கிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் ஊரில் பெண்களும் சிறுவர்களும் கையாலேயே கோத்தனர் என்பதை நினைத்துக்கொண்டு லென்ஸை வைத்துப் பாருங்கள்; தங்கம் இரண்டாம் பட்சமாகிவிடும்.

திருகுகளையும் கவனிக்க வேண்டும். எஃகை ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிப் பெற்ற நீலம் அவற்றில் ஒரே சீராக இருக்கிறதா, தலைப்பிளவுகள் சிதையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளவு சிதைந்திருந்தால், பழக்கமில்லாத கை பழுதுபார்த்திருக்கக்கூடும்.

பெயரை மட்டும் நம்பி மயங்கிவிடக் கூடாது. புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஆபிரகாம்-லூயி பிரெகே உயிரோடிருந்தபோதே அவர் பெயரில் போலிகள் பெருகியதால், சாய்ந்த வெளிச்சத்தில் மட்டுமே தெரியும் இரகசியக் கையொப்பத்தை முகப்பில் கீறத் தொடங்கினார். உண்மையான கடிகாரம்கூட அவர் கையால் முடிந்ததாக இருக்க வேண்டியதில்லை: அவருடைய பட்டறையில் 1783-இல் பெறப்பட்ட ஆணைக்காகச் செய்யப்பட்ட 160-ஆம் எண் தங்கக் கடிகாரம், அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1827-இல்தான் முடிந்தது.

கடைசியாக, ஓடுகிறதா என்ற சோதனை. இரண்டு மூன்று சுற்று மட்டும் மெதுவாகச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேளுங்கள். பல கடிகாரங்கள் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். துடிப்புகளுக்கு இடையேயான இடைவெளி சீராக இருக்க வேண்டும். ஓடாவிட்டால் குலுக்கவோ மேலிருந்து எண்ணெய் விடவோ கூடாது. கெட்டியான பழைய எண்ணெயும் தூசியும் புது எண்ணெயோடு கலந்து அச்சுகளை அரைத்துவிடும். முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த, சங்கிலி இயந்திரத்தில் பழக்கமுள்ள கடிகாரக்காரரிடம் அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.