வானிலைச் செயலிக்கு உங்கள் வீட்டு வாசல் தெரிய வேண்டுமா?

மழை வருமா என்று சொல்ல ஊர் தெரிந்தால் போதும். தெருவும் வீடும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 12 முதலும், ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் 'துல்லியமான இருப்பிடம்' என்பதைச் செயலிவாரியாக அணைக்கலாம். அமைப்புகளில் இருப்பிட அனுமதிகளைத் திறந்து, முதலில் 'எப்போதும்' அனுமதி பெற்ற செயலிகளைப் பாருங்கள். அங்கேதான் ஆபத்து அதிகம்: நீங்கள் தொடாதபோதும் அவை உங்கள் நடமாட்டத்தைப் பதியலாம். இரவில் எங்கே உறங்குகிறீர்கள், எந்த மருத்துவரிடம் போகிறீர்கள் என்பதெல்லாம் அந்தப் பதிவிலிருந்து புரிந்துவிடும். டாக்சிச் செயலிக்குத் துல்லியம் வேண்டும்தான். ஆனால் 'பயன்படுத்தும்போது மட்டும்' போதும். விளையாட்டுகளுக்கும் டார்ச் செயலிகளுக்கும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்ஸில் தன் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால், ஒரு விளையாட்டுச் செயலிக்கு நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

வீட்டுப் பெரியவர்களின் போனையும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.