கூறைச்சேலையைப் பாதுகாப்பதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

அம்மம்மாவின் கூறைச்சேலையை இந்த மாரி முடிந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தோம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பட்டு பிளந்திருந்தது. பல வருடங்களாக அதை யாரும் உடுத்தவில்லை. ஒரே மடிப்பில் கிடந்தே கிழிந்துவிட்டது.

முதல் தவறு அதுதான். சரிகை என்பது நூலில் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. மடித்த இடத்தில் அது முறியும்போது பக்கத்துப் பட்டிழையையும் அறுக்கிறது. அருங்காட்சியகங்களில் இத்தகைய துணிகளைத் தட்டையாக வைப்பார்கள், அல்லது உருளையில் சுற்றுவார்கள். வீட்டிலும் அட்டைக் குழாய் ஒன்றில் கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் சேலையைச் சுருட்டலாம். மடித்தே ஆகவேண்டுமென்றால் மடிப்புக்குள் துணிச்சுருள் வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

பொலித்தீன் பை வேண்டவே வேண்டாம். வாவிக்கரை ஊரில் மாரி ஈரம் அதற்குள் அடைபட்டுப் பூஞ்சணமாகும். பத்திரிகைத் தாளும் கூடாது. அதன் அமிலமும் மையும் பட்டில் இறங்கும். அந்துருண்டை துணியில் படக்கூடாது.

கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் சேலையைக் கொடியில் வெயிலில் காயப்போடுவது நம் வழக்கம். சாயம் போவது அங்கேதான். அருங்காட்சியகங்கள் பழந்துணிக்கு ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவு மங்கலான ஒளியே அனுமதிக்கின்றன. நிழலில் சற்று நேரம் காற்றாடவிட்டால் போதும்.

பழைய சஞ்சிகைகளுக்கும் இதே கவனம் வேண்டும். 1785இல் பாரிஸில் தொடங்கிய 'கபினே தே மோத்' கையால் வண்ணமிட்ட ஆடைப் படங்களோடு வந்தது. இத்தகைய இதழ்களிலிருந்து படங்களை வெட்டிச் சட்டமிட்டவர்கள் பலர். அந்தத் தாள்கள் இன்று விளக்கவுரையை இழந்து தனியே நிற்கின்றன. என்ன துணி, எந்த மாத உடை என்று சொல்ல ஆளில்லை. நம் வீட்டுப் பழைய இதழ்களையும் வெட்டாதீர்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லமினேட்டும் செய்யாதீர்கள். இதழ்களைத் தைத்திருக்கும் துருப்பிடித்த கம்பிகளை மெதுவாகக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. கிழக்கிலங்கையின் நெசவு ஊரான மருதமுனையின் கைத்தறிச் சேலையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகளில்கூட, அது யாருடையது, எப்போது உடுத்தியது என்று எழுதிவைப்பதில்லை. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் எத்தனையோ பெட்டிகளைக் கொண்டுபோன கரை இது. நான் அம்மாவிடம் கேட்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதினேன். அதைச் சேலையில் குத்தாமல், வெள்ளைத் துணிப்பையிலிட்டுக் குழாயோடு கட்டிவைத்திருக்கிறேன்.